மாற்றுச் சக்கரமும் பிரதிநிதி விதியும்

ஒரு பொருள் தேய்ந்தோ அழிந்தோ போனபின் அதன் இடத்தில் வேறொன்றை வைக்கிறபோது, அந்த வேறொன்று எந்தத் தகுதியால் அவ்விடத்தைப் பெறுகிறது என்னும் கேள்வி இந்தியத் தத்துவ மரபுகளில் இரண்டு வழிகளில் எழுப்பப்பட்டிருக்கிறது. முதல் வழி பௌத்தருடையது. மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலில், அரசன் ஏறிவந்த தேரின் அச்சுதான் தேரா, சக்கரந்தான் தேரா, நுகந்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கி, உறுப்புகளின் கூட்டத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்றும், அப்பெயருக்கு அப்பால் தேர் எனத் தனிப்பொருள் ஒன்று இல்லை என்றும் நாகசேனர் நிறுவுகிறார். இரண்டாம் வழி மீமாம்சகருடையது. வேதச் சடங்குகளைப் பற்றிய கட்டளைகளுக்கு எவ்வாறு பொருள்கொள்வது என்று ஆராயும் அந்த மரபு, உறுப்பு மாறிய பின் தேர் அதே தேர்தானா என்று கேட்பதில்லை. மாற்றிய உறுப்பைக் கொண்டு நடக்கும் செயல், விதிக்கப்பட்ட அதே செயல்தானா என்று கேட்கிறது. அன்றாட வாழ்வில் மாற்றுப் பொருளைத் தேடுவோருக்கு இந்த இரண்டாம் கேள்வியே பயன்தரும் கேள்வி என்பதையும், அதற்கு மீமாம்சகர் கண்ட விடைகள் யாகசாலைக்கு வெளியிலும் செல்லுபடியாகின்றன என்பதையும், மிகுவேக மின்கார் ஒன்றுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற மாற்று டயரின் அளவைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வின் களம்

தேனி மாவட்டத்தின் கிழக்கு வாசலாகிய ஆண்டிபட்டி இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான ஊர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக வரும் நெடுஞ்சாலை, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி ஊரைத் தொட்டு, தேனியையும் போடிநாயக்கனூரையும் கடந்து, போடிமெட்டுக்கு ஏறி மூணாற்றை நோக்கிச் செல்கிறது. ஆகவே இவ்வூரிலிருந்து புறப்படும் ஒரு வண்டி, சித்திரை வெயிலில் கொதிக்கும் சமவெளித் தார்ச்சாலை, ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் தேங்கிய பாதை, போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றின் மார்கழிக் குளிர் ஆகிய அனைத்தையும் ஒரே டயரைக் கொண்டு சந்திக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் விற்கப்படும் மிகுவேக மின்கார்களுள் ஒன்றான பிஒய்டி சீல் காரின் உயர்திறன் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் வெற்று எடை 2,185 கிலோ. நின்ற நிலையிலிருந்து 3.8 விநாடியில் அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. அதற்கு உற்பத்தியாளர் பொருத்தித் தரும் டயரின் அளவு 235/45 ஆர் 19. இக்குறியில் முதல் எண் டயரின் அகலம் 235 மில்லிமீட்டர் என்பதையும், இரண்டாம் எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு என்பதையும், எழுத்து டயரின் உள்ளிழைகள் ஆரவாக்கில் அமைந்த ரேடியல் வகை என்பதையும், கடைசி எண் டயர் அமரும் ரிம்மின் விட்டம் 19 அங்குலம் என்பதையும் குறிக்கும். இவற்றைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் 694.1 மில்லிமீட்டர் ஆகும். இக்குறியை அடுத்து ஒரு சுமை எண்ணும் ஒரு வேக எழுத்தும் அச்சாகியிருக்கும். சுமை எண் 95 என்றால் ஒரு டயர் 690 கிலோவையும், 99 என்றால் 775 கிலோவையும் தாங்கும். வேக எழுத்து வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரையிலும், டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வரையிலும் அது பொறுக்கும். மின்காரில் பேட்டரியின் பாரம் மிகுதி என்பதாலும், மோட்டாரின் முறுக்குவிசை கால் அழுத்திய கணத்திலேயே சக்கரத்துக்கு வந்துவிடுகிறது என்பதாலும் டயர் விரைந்து தேயக்கூடும்; உருளும்போது அது காட்டும் எதிர்ப்பு சிறிது கூடினாலும், ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தொலைவு குறைந்துவிடும். இத்தனை கடமைகளைச் சுமந்த ஒரு பொருள் தேய்ந்தபின், அதன் இடத்தில் அமரத் தகுந்தது எது என்பதே கேள்வி.

பிரதிநிதி என்னும் கருத்து

ஜைமினி இயற்றிய மீமாம்சா சூத்திரங்கள் 12 அத்தியாயங்களாக அமைந்தவை. தமிழ் நூல்களுக்கு ஜைமினியின் பெயர் புதியதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியில், அறிவைப் பெறும் வழிகளாகிய அளவைகளை எண்ணிச் சொன்ன ஆசிரியருள் ஒருவராகச் சைமினி குறிக்கப்படுகிறார். சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயம் அதிகாரம், அதாவது ஒரு சடங்கைச் செய்தற்குரிய உரிமையும் தகுதியும், பற்றியது. அதன் மூன்றாம் பாதம் பிரதிநிதியை, அதாவது விதிக்கப்பட்ட பொருள் கிடைக்காதபோது அதன் இடத்தில் கொள்ளப்படும் மாற்றுப் பொருளை, விரிவாக ஆராய்கிறது. நெல்லைக் கொண்டு புரோடாசம் என்னும் அப்பம் செய்து படைக்கவேண்டும் என்பது விதி. நெல் கிடைக்கவில்லை என்றால் சடங்கையே விட்டுவிடுவதா, வேறு தானியத்தைக் கொள்வதா என்பது அங்கே எழும் ஐயம். நீவாரம் எனப்படும் காட்டுநெல்லைக் கொள்ளலாம் என்பது முடிவு. அதற்கு, இச்சூத்திரங்களுக்கு உரைகண்ட சபரர் தரும் காரணம் நுட்பமானது: நீவாரத்தைக் கொள்பவன் விதியை மீறிப் புதியதொரு பொருளைக் கொண்டுவரவில்லை, நெல்லின் கூறுகள் நீவாரத்திலும் ஓரளவு இருப்பதால், கிடைக்கும் அளவுக்கு நெல்லையே அவன் கொள்கிறான்.

இந்த விளக்கத்தின்படி, மாற்றுப் பொருளின் தகுதி அதன் சொந்தச் சிறப்பிலிருந்து வருவதில்லை. விதிக்கப்பட்ட பொருளின் வேலையை அது எவ்வளவு செய்கிறது என்பதிலிருந்தே வருகிறது. எனவே மாற்று டயரைப் பற்றிய முதற்கேள்வி எந்த டயர் சிறந்தது என்பதாக இருக்க முடியாது. தேய்ந்த டயர் எந்த வேலைகளுக்காக விதிக்கப்பட்டிருந்தது என்பதே முதலில் எழவேண்டும். 694.1 மில்லிமீட்டர் விட்டம் ஓர் அழகுக்காக வைக்கப்பட்ட எண்ணன்று. வேகமானி, சறுக்கலைத் தடுக்கும் பிரேக் அமைப்பு, முன்பின் மோட்டார்களுக்கு விசையைப் பகிரும் கணினி ஆகியவை சக்கரச் சுழற்சியை எண்ணியே முடிவெடுப்பதால், ஒரு சுழற்சிக்கு வண்டி எவ்வளவு தொலைவு நகரும் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தொலைவை நிர்ணயிப்பது விட்டம். ரிம்மை ஓர் அங்குலம் குறைத்து 235/50 ஆர் 18 அளவைக் கொண்டால் விட்டம் 692.2 மில்லிமீட்டர் ஆகும். வேறுபாடு கால் விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. பக்கச்சுவர் உயர்வதால் குண்டுகுழிகளில் ரிம் நெளியும் வாய்ப்பும் குறைகிறது. பிரேக்கின் உறுப்புகள் 18 அங்குல ரிம்முக்குள் தடையின்றி அடங்குமாயின், இது நெல்லுக்கு நீவாரம் போன்ற மாற்று. பழைய 19 அங்குல ரிம்மிலேயே 255/45 அளவைக் கொண்டாலோ விட்டம் 712.1 மில்லிமீட்டராகி, வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் 102.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அகன்ற டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதந்து பிடியிழக்கும் வாய்ப்பும் கூடும். சக்கரக் குழிவில் உரசவும் இடமுண்டு. பார்வைக்குக் கம்பீரமானது என்பது இவற்றுள் எதற்கும் விடையாகாது.

விலக்கப்பட்ட ஒப்புமையும் வழிதவறும் ஒப்புமையும்

ஒப்புமையே மாற்றுக்கு அடிப்படை என்றாலும், ஒப்புமைக்கு மீமாம்சகர் மூன்று வரம்புகளை வகுத்தனர். முதலாவது, வெளிப்படையாக விலக்கப்பட்ட பொருள் எவ்வளவு ஒத்திருந்தாலும் மாற்றாகாது என்பது. பாசிப்பயற்றுக்கு உளுந்து நெருங்கிய ஒப்புமை உடையது. ஆயினும் உளுந்தும் வரகும் யாகத்துக்கு ஆகாதவை என்று சொல்லப்பட்டிருப்பதால், பயறு இல்லாத இடத்தில் உளுந்தைக் கொள்ள முடியாது. டயர்க்கடையில் இவ்வரம்புக்கு நேரான நிலை நாள்தோறும் எழுகிறது. 235/45 ஆர் 19 என்னும் ஒரே அளவில் சுமை எண் 95 உடைய டயரும் 99 உடைய டயரும் விற்பனையில் உண்டு. ஐந்து பேரும் அவர்தம் மூட்டைகளும் ஏறினால் மேற்சொன்ன காரின் எடை 2,600 கிலோவை எட்டும். 95 எண்ணுடைய நான்கு டயர்களின் தாங்குதிறன் 2,760 கிலோ என்பதால் கணக்கு சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் பாரம் முன்சக்கரங்களுக்கும், வளைவில் திரும்பினால் வெளிப்புறச் சக்கரங்களுக்கும் சாய்வதால், அந்தச் சிறு மிச்சம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உற்பத்தியாளர் குறித்த சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழ்ப்பட்ட டயர், அளவில் முழுதும் ஒத்திருந்தாலும் விலக்கப்பட்டதே. கடைவழக்கில் பட்டன் எனப்படும் மேற்பரப்புச் செதுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ்த் தேய்ந்த பழைய டயரும், பக்கச்சுவரில் வாரத்தையும் ஆண்டையும் சுட்டும் நான்கிலக்க எண்ணால் முதுமை வெளிப்பட்டுவிட்ட டயரும் அவ்வாறே.

இரண்டாவது வரம்பு, நூலே பெயர் சொல்லி ஒரு மாற்றைத் தந்திருக்குமாயின், அதைவிட நெருங்கிய ஒப்புமை உடையது கைக்கு எட்டினாலும் சொல்லப்பட்டதையே கொள்ளவேண்டும் என்பது. சோமக்கொடி கிடைக்காவிடில் பூதீகக் கொடியைப் பிழியவேண்டும் என்று விதி இருப்பதால், சோமத்தை இன்னும் நெருக்கமாக ஒத்த கொடியைத் தேடி அலைய இடமில்லை. காரின் கையேட்டிலோ ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டிய அட்டவணையிலோ மாற்று அளவு குறிக்கப்பட்டிருந்தால், கணக்கு வேறொன்றைக் காட்டினாலும் அந்த அளவுக்கே முதலுரிமை. எனினும் ஆறாம் அத்தியாயம் அதிகாரத்தைப் பற்றியது என்பதை இங்கு மறக்கலாகாது; விதி யாருக்குச் சொல்லப்பட்டதோ அவருக்கே அது விதி. இதே காரின் ஒற்றை மோட்டார் வகை ஒன்றுக்கு 225/50 ஆர் 18 அளவு தரப்படுகிறது என்பதால், எடையும் விசையும் மிக்க இரட்டை மோட்டார் வகைக்கும் அது தானாகவே உரியதாகிவிடாது.

மூன்றாவது வரம்பே மிகுந்த தொலைநோக்கு உடையது. மாற்றாகக் கொண்ட பொருளும் அழிந்துவிட்டால், அடுத்த மாற்று எதனை ஒத்திருக்க வேண்டும் என்னும் கேள்விக்கு, அழிந்த மாற்றை அன்று, முதலில் விதிக்கப்பட்ட பொருளையே ஒத்திருக்கவேண்டும் என்று ஜைமினி விடையளிக்கிறார். ஒப்புமை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறிச் செல்லும்போது, ஒவ்வொரு படியிலும் இழப்பு சிறிதாகவே தோன்றினாலும், சில படிகளுக்குப் பின் முதற்பொருளின் சுவடே இராது என்பதே இதன் உட்கிடை. பழைய கார் வாங்கும் ஒருவர் 245/45 ஆர் 19 டயர் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு, அதற்கு அடுத்த அளவான 255/45 அளவை வாங்கினால், அவர் கண்ணுக்கு வேறுபாடு 1.3 விழுக்காடு மட்டுமே. முன்னவர் செய்ததும் 1.3 விழுக்காடே. இருவரும் தத்தம் அளவில் குற்றமற்றவராக இருக்கையில், வண்டி விதிக்கப்பட்ட விட்டத்திலிருந்து 2.6 விழுக்காடு விலகிவிட்டிருக்கும். மூன்றாமவர் 265/45 அளவைத் தேர்ந்தால் விலகல் 3.9 விழுக்காட்டை எட்டும். வண்டியில் இப்போது இருப்பதைப் பார்த்து வாங்குவதைவிட, வண்டிக்கு விதிக்கப்பட்டதைப் பார்த்து வாங்குவதே முறை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, முன்தலைமுறை செய்த மாற்றங்களையே மூலமாகக் கொள்ளும் சமயச் சமூகங்களுக்கும் இவ்விதி ஓர் எச்சரிக்கை.

நித்தியமும் காமியமும்

சடங்குகளை மீமாம்சகர் நித்தியம் என்றும் காமியம் என்றும் பிரித்தனர். அக்னிகோத்திரம் போல விடாது செய்தே தீரவேண்டியது நித்தியம். மழை வேண்டிச் செய்யும் காரீரி போல ஒரு விருப்பத்தை முன்னிட்டுச் செய்வது காமியம். நித்தியத்தை இயன்ற அளவு செய்தாலும் அது நிறைவேறியதாகக் கொள்ளப்படும். சில துணையுறுப்புகள் குறைந்தாலும் பாதகமில்லை. காமியத்துக்கு அச்சலுகை கிடையாது. விருப்பத்தால் தொடங்கியதை எல்லா உறுப்புகளோடும் செய்ய இயன்றவனே தொடங்கவேண்டும்.

இந்தப் பிரிவு டயர்த் தேர்வில் வழக்கமாக நேரும் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறது. கணவாய்ச் சாலையில் இரவில் டயர் கிழிந்தவர், ஒடுக்கமான ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டோ, ஸ்டெப்னியே இல்லாத மின்காரில் பஞ்சர் மருந்தைச் செலுத்தியோ, வேகத்தைக் குறைத்து வீடு சேர்வது நித்தியத்தின் பாற்பட்டது. பயணம் முடியவேண்டும், குறைவுள்ள மாற்றும் அந்த அளவுக்குப் போதும். 20 அங்குல ரிம்மும் அகன்ற டயரும் வேண்டும் என்பது காமியம். அதை விரும்புவோர் விட்டம், சுமை எண், வேக எழுத்து, ரிம்மின் அகலம், சக்கரக் குழிவின் இடைவெளி, காற்றழுத்தம், குறையப்போகும் ஓட்டத்தொலைவு என அதன் எல்லா உறுப்புகளையும் நிறைவு செய்யக் கடமைப்பட்டவர். விருப்பத்துக்குத் தொடங்கிவிட்டு, உறுப்பு குறைந்தபோது அவசரத்துக்குரிய சலுகையைக் கேட்பது இரண்டு விதிகளையும் கலப்பதாகும்.

எல்லாப் பருவம் என்பதன் எல்லை

எல்லாப் பருவ டயர் என்பது கடுங்கோடைக்கென்றும் பனிக்கென்றும் தனித்தனியே செய்யப்படும் டயர்களுக்கு நடுவே நிற்கும் ஓர் உடன்பாடு. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடியை இழக்கிறது. பனி டயரின் மென்மையான ரப்பரோ வெயிலில் விரைந்து தேய்கிறது. இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது எல்லாப் பருவ டயர். அதனால் இரண்டிலும் சிறிது விட்டுக்கொடுப்பதும் அதுவே. தமிழ் அகப்பொருள் இலக்கணம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்ததோடு நில்லாமல், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் காரும் என்று நிலத்துக்கேற்பப் பொழுதைப் பகிர்ந்தளித்தது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டுமே ஆறு பொழுதுகளும் உரியவை என்று நம்பியகப்பொருள் கூறுகிறது. பொழுது நிலத்தைச் சார்ந்தது என்னும் இந்தக் கொள்கையை ஏற்றால், எல்லாப் பருவம் என்பதும் உலகுக்கெல்லாம் பொதுவான ஒரு பண்பாக இராது, ஓர் ஊரின் பருவங்களையே குறிக்கும்.

பனிக்காலம் உள்ள நாடுகளில் அச்சொல் பனியில் ஓடும் திறனை முதன்மையாகக் கருதுகிறது. மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரை அங்கே பொருள் உடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் ஆண்டிபட்டியில் அம்முத்திரையால் பயனில்லை. மூணாற்றில் சில விடியற்காலைகளைத் தவிர 7 பாகை என்னும் எல்லையை இவ்வட்டாரத்து வண்டிகள் சந்திப்பதே அரிது. இவ்வூருக்குரிய எல்லாப் பருவ டயர், நீண்ட கோடையின் வெப்பத்தைத் தாங்குவது, முதல் மழையில் எண்ணெய்ப் படலம் மிதக்கும் சாலையில் நீரை வாரியிறைப்பது, மலையிறக்கத்தில் பாரத்துக்கு நெளியாதது ஆகிய மூன்றையும் நிறைவேற்றுவதே. பொதுவிதி எங்கும் செல்லும், சிறப்புவிதி தனக்குரிய இடத்தில் பொதுவிதியை ஒதுக்கும் என்னும் மீமாம்சை நெறி இங்கும் பொருந்துகிறது.

மாற்றில்லாதவை

மாற்றுக்கு இவ்வளவு இடம்தந்த ஜைமினி, சிலவற்றுக்கு மாற்றே இல்லை என்றும் அறுதியிட்டார்: யாகத்தின் தெய்வம், அதற்குரிய தீ, மந்திரம், செயல் ஆகிய நான்கு. இதற்கான காரணம் திருட்டம், அதிருட்டம் என்னும் பிரிவில் இருக்கிறது. கண்ணால் கண்டு அளக்கக்கூடிய பயன் திருட்டம். நூலின் சொல்லாலன்றி வேறெவ்வழியிலும் அறிய முடியாத பயன் அதிருட்டம். நெல்லின் வேலை அப்பமாவது. அது கண்ணுக்குத் தெரியும் என்பதால், அதே வேலையைச் செய்யும் வேறொன்றையும் கண்ணால் தேர முடியும். இந்திரனுக்கு என்று விதித்ததை, அவனை ஒத்த வேறொரு தேவனுக்குத் தரலாம் என்று யாராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது; அங்கே அந்த உறவே விதியின் பொருள், அதை ஒப்புமையால் நிரப்ப வழியில்லை.

தமிழ்நாட்டுக் கோயில் தேர்கள் இந்தப் பிரிவை நடைமுறையில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேர் 1926ஆம் ஆண்டு தீக்கு இரையாகி, புதிதாகச் செய்யப்பட்டு 1930ஆம் ஆண்டு மீண்டும் ஓடியது. பின்னர் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தியது. மரச்சக்கரத்தின் இடத்தை இரும்பு பெற்றபோதும், முட்டுக்கட்டைக்குத் துணையாகப் பிரேக் வந்தபோதும், தேரோட்டம் வேறொரு சடங்காக மாறிவிட்டது என்று பக்தர் கருதவில்லை. சக்கரத்தின் வேலை திருட்டம். தேரில் எழுந்தருளும் தியாகராசரின் இடம் அவ்வாறானதன்று என்பதால், அவருக்கு ஒப்புமையால் ஒரு மாற்றைத் தேட யாரும் முனைவதில்லை. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளும் வழக்கம் இங்கே கடினமான வினாவை எழுப்புகிறது. ஏனெனில் வடம் பிடித்து இழுப்பது செயல், செயலுக்கு மாற்றில்லை. வடம் ஊராரின் கையில் இருக்கும்வரை இயந்திரம் கூடுதல் விசையைத் தரும் துணையுறுப்பாகவே நிற்கும். வடமே இல்லாமல் இயந்திரம் மட்டும் தேரை நிலைக்குக் கொண்டுசேர்க்குமானால், தேர் வந்துசேரும், தேரோட்டம் நடந்ததாகாது. ஆண்டிபட்டியை அடுத்த ஜம்புலிபுத்தூரில் கதலி நரசிங்கப் பெருமாள் கோயிலின் சித்திரைத் தேருக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும்.

இதே அளவுகோலால் நோக்கினால், டயரின் பயன் முழுதும் திருட்டம். எனவே மாற்றத்தக்க பொருள்களுள் மிகத் தூய எடுத்துக்காட்டு அது. கண்ணுக்குத் தெரியும் பயன் இருக்கும் இடத்தில் தெரியாத பயனைக் கற்பிப்பது தகாது என்பதும் மீமாம்சகரின் கொள்கை. ஆயுத பூசையன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுப்பது இவ்வட்டாரத்திலும் வழக்கம். நம்பிக்கையுடையோருக்கு அப்பூசையின் பயன் அதிருட்டம். குறைந்த காற்றழுத்தத்தையோ தகாத சுமை எண்ணையோ அது ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது, அப்பூசையைத் தன் வரம்புக்கு வெளியே இழுப்பதாகும். சரியான டயரை மாட்டியதால் பூசை வேண்டாததாகிவிட்டது என்று வாதிடுவதும் அதே பிழையின் மறுபுறம்.

ஐந்தாவதாக ஒருவருக்கும் ஜைமினி மாற்றை மறுக்கிறார்: சுவாமி, அதாவது யாகத்தை ஏற்றுச் செய்வித்து அதன் பயனுக்கு உரியவனாகும் எசமானன். சடங்கின் வேலைகளைத் தட்சிணை பெறும் இருத்துவிக்குகள் எனப்படும் புரோகிதர்கள் செய்யலாம். ஒருவர் வராவிட்டால் மற்றொருவர் வரலாம். எசமானனின் இடத்தில் மட்டும் இன்னொருவனை அமர்த்த முடியாது. டயர்க்கடைக்காரர், அலைன்மென்ட் பார்ப்பவர், சறுக்கலைத் தடுக்கும் கணினி ஆகிய அனைத்தும் காரைப் பொறுத்தவரை இருத்துவிக்குகளே. அவர்கள் சொல்வது உரை. சைவ சித்தாந்தம் ஏற்கும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள் அது ஒன்று. தேய்வைப் பார்ப்பது காட்சி, விட்டத்தைக் கணக்கிடுவது கருதல், உற்பத்தியாளரின் அட்டவணையும் கடைக்காரரின் அறிவுரையும் உரை. வேதத்தைப் போல ஆசிரியனற்ற சொல்லாக இல்லாமல் மனிதர் சொன்ன சொல்லாக இருப்பதால், இந்த உரையை மற்ற இரண்டு அளவைகளாலும் உரசிப் பார்க்க உரிமையுண்டு. உரசிப் பார்த்தபின் வரும் முடிவுக்கும், அம்முடிவோடு எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரைக் கடந்து செல்வதற்கும் பொறுப்பாளி வண்டிக்கு உரியவரே. டயருக்குப் பிரதிநிதி உண்டு, ரிம்முக்கும் உண்டு, தேவைப்பட்டால் வண்டிக்கும் உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்க மறுக்கும் உரிமையாளருக்குப் பதிலாக நிறுத்தத்தக்க பொருள் எந்தக் கடையிலும் இல்லை.